கடைசி மைக்ரான்

பள்ளியில் கதிரியக்கப் பாடத்தைப் படித்த எவரும் ஒரு வரியை மறந்திருக்க மாட்டார்கள்: ஆல்ஃபா கதிரை ஒரு தாள் தடுத்துவிடும், பீட்டாவுக்கு அலுமினியத் தகடு வேண்டும், காமாவுக்குக் கனத்த ஈயம் வேண்டும். தேர்வுக்கு இது போதும். ஆனால் தாள் அதை எப்படித் தடுக்கிறது என்று பாடநூல் சொல்வதில்லை. ரேடியத்திலிருந்து புறப்படும் ஆல்ஃபா துகள் நொடிக்கு ஏறத்தாழ 15,000 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. அதன் ஆற்றல் சுமார் 48 லட்சம் எலக்ட்ரான்வோல்ட். (ஓர் எலக்ட்ரான் ஒரு வோல்ட் மின்னழுத்த வேறுபாட்டைக் கடக்கும்போது பெறும் ஆற்றலே ஓர் எலக்ட்ரான்வோல்ட், அணு உலகின் கணக்குகளுக்கு ஏற்ற சிறிய அளவு அது.) எதிரே இருக்கும் தாளோ அணுக்களால் ஆனது; அணுவின் உள்ளே பெரும்பகுதி வெற்றிடம். இவ்வளவு ஆற்றலோடு வரும் துகள் அந்த வெற்றிடத்தில் நுழைந்து மறுபக்கம் போய்விட வேண்டியதுதானே? போவதில்லை. காற்றில் விட்டால்கூட 3.3 சென்டிமீட்டர் தாண்டியதும் நின்றுவிடுகிறது. அதைவிட வியப்பானது அது நிற்கும் விதம். ஓய்ந்துவரும் எதுவும் போகப்போகக் குறைவாகத்தான் தாக்கும் என்று நாம் எதிர்பார்ப்போம். இந்தத் துகளோ, நிற்கப்போகும் நேரத்தில்தான் வழியிலுள்ள அணுக்களை மிகக் கடுமையாகக் குலைக்கிறது.

இதை முதலில் அளந்து காட்டியவர் வில்லியம் ஹென்றி பிராக். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு பல்கலைக்கழகத்தில் 1886 முதல் பேராசிரியராக இருந்த அவர், நாற்பது வயதைத் தாண்டும்வரை சொல்லும்படியான ஆய்வு எதையும் செய்திருக்கவில்லை. 1904-இல் தம் உதவியாளர் ரிச்சர்ட் கிளீமனுடன் சேர்ந்து ஓர் எளிய கருவியை அமைத்தார். அடியில் மெல்லிய ரேடியப் படலம். அதிலிருந்து நேர்மேலே வரும் ஆல்ஃபா துகள்களை மட்டும் விடும் ஈயக் குழாய்கள். மேலே, ஏற்றி இறக்கக்கூடிய மிகத் தட்டையான ஓர் அறை. ஆல்ஃபா துகள் காற்று மூலக்கூறு ஒன்றிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெடுத்தால் எலக்ட்ரானும் அயனியுமாக ஓர் இணை உண்டாகும். அந்த அறையில் எத்தனை அயனிகள் உண்டாகின்றன என்பதை மின்னோட்டமாக அளக்கலாம். அறையைப் படிப்படியாக உயர்த்தி, ஒவ்வோர் உயரத்திலும் பிராக் அளந்தார். உயரம் கூடக்கூட அயனியாக்கம் குறையவில்லை, கூடியது. ஓர் உச்சத்தைத் தொட்டு, பிறகு சட்டென்று சுழியாகிவிட்டது. அந்த உச்சத்தைத்தான் இன்றும் பிராக் முகடு என்கிறோம்.

இங்கே ஒரு மறுப்பு எழும். துகள்கள் வழியில் சிதறிச் சேர்ந்துகொண்டதால் அந்த உயரத்தில் அயனிகள் கூடியிருக்கலாம் அல்லவா? பிராக் அதற்கும் விடை வைத்திருந்தார். துகள்கள் ஒவ்வொன்றாக வழியில் தொலைந்துபோனால் அயனியாக்கம் உயரத்தோடு தேய்ந்துகொண்டே போயிருக்க வேண்டும். திட்டவட்டமான ஓர் எல்லை இருந்திருக்காது. அவர் கண்டதோ கூர்மையான எல்லை. ரேடியமும் அதன் வழிவந்த தனிமங்களும் கலந்த மாதிரியில் அப்படிப்பட்ட நான்கு எல்லைகள் தெரிந்தன. நான்கு வகை ஆல்ஃபா மூலங்கள், நான்கு வீச்சுகள். அதாவது ஒரே மூலத்திலிருந்து புறப்படும் துகள்கள் எல்லாம் ஏறத்தாழ ஒரே தூரம் போகின்றன, ஒன்றாகவே நிற்கின்றன. எண்ணிக்கை மாறாமல் இருக்க, ஒவ்வொரு துகளும் ஏற்படுத்தும் குலைவுதான் முடிவை நோக்கிக் கூடுகிறது. துகள் ஒரு குறிப்பிட்ட நீளத்தைக் கடக்கையில் இழக்கும் ஆற்றலை, அந்தப் பொருளின் நிறுத்துதிறன் என்று அழைப்போம். நம் கேள்வி இப்போது தெளிவாகிறது: துகள் மெதுவாகும்போது நிறுத்துதிறன் ஏன் கூடுகிறது, எதுவரை கூடுகிறது?

முதலில், ஆற்றல் யாரிடம் போகிறது என்று பார்க்க வேண்டும். அணுக்கரு கனமானது, எனவே துகளை நிறுத்துவது அதுதான் என்று தோன்றும். ஆனால் அணுக்கரு மிகச் சிறியது. அதை நெருங்கி மோதும் வாய்ப்பு அரிது. 1909-இல் மான்செஸ்டரில் கைகரும் மார்ஸ்டனும் பிளாட்டினத்தில் ஆல்ஃபா துகள்களை மோதவிட்டபோது சுமார் 8,000-இல் ஒன்றுதான் திரும்பி வந்தது. மற்றவை எலக்ட்ரான்களின் கூட்டத்தினூடே போகின்றன. ஆல்ஃபா துகளின் நிறை எலக்ட்ரானின் நிறையைப்போல் ஏறத்தாழ 7,300 மடங்கு. இவ்வளவு கனமான ஒன்று இவ்வளவு இலேசான ஒன்றை நேருக்கு நேர் மோதினாலும், தன் ஆற்றலில் ஏறத்தாழ 1,800-இல் ஒரு பங்குக்கு மேல் கொடுக்க முடியாது. பெரும்பாலான சந்திப்புகளில் அதைவிட மிகக் குறைவாகவே கொடுக்கிறது. காற்றில் ஓர் அயனி இணையை உண்டாக்கச் சராசரியாக 34 எலக்ட்ரான்வோல்ட் செலவாகிறது. 48 லட்சத்தை 34-ஆல் வகுத்தால், நிற்பதற்குள் ஒரு துகள் ஏறத்தாழ 1,40,000 இணைகளை உண்டாக்கியிருக்கும். ஒரே அடியில் விழுவதில்லை அது. லட்சக்கணக்கான சிறு செலவுகளால் தீர்ந்துபோகிறது. எல்லாத் துகள்களும் ஏறத்தாழ ஒரே தூரத்தில் நிற்பதற்கும் இதுவே காரணம்: சந்திப்புகள் இத்தனை லட்சம் இருந்தால் தற்செயல் ஏற்றத்தாழ்வுகள் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். துகள்களின் தடங்களைக் காட்டும் வில்சன் முகிலறையில் எடுத்த படங்களில் ஆல்ஃபாவின் தடம், முடியும் இடத்தில் சற்று முறிவதைத் தவிர, அளவுகோல் வைத்து வரைந்ததுபோல் நேராக ஓடுவதையும் இது விளக்குகிறது.

இனி, மெதுவாகும்போது செலவு ஏன் கூடுகிறது? துகளும் எலக்ட்ரானும் உடலால் மோதிக்கொள்வதில்லை. தூரத்திலிருந்தே மின்விசையால் ஒன்றையொன்று இழுக்கின்றன அல்லது தள்ளுகின்றன. எலக்ட்ரான் பெறும் உந்தம் அந்த விசை எவ்வளவு வலியது என்பதை மட்டுமல்ல, எவ்வளவு நேரம் நீடித்தது என்பதையும் பொறுத்தது. துகளின் வேகம் பாதியானால் அது எலக்ட்ரானின் அருகே இருக்கும் நேரம் இருமடங்காகும்; எலக்ட்ரான் பெறும் உந்தமும் இருமடங்காகும்; உந்தம் இருமடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும். ஆகவே வேகம் பாதியாகக் குறையும்போது நிறுத்துதிறன் ஏறத்தாழ நான்கு மடங்கு உயர்கிறது. இழப்பு கூடினால் வேகம் மேலும் குறையும். வேகம் குறைந்தால் இழப்பு மேலும் கூடும். ஒன்றை ஒன்று வளர்க்கும் இந்தச் சுழற்சிதான் முகட்டுக்கு ஏறும் செங்குத்தான பாதை.

பெரும்பாலான விளக்கங்கள் இந்த இடத்தில் நின்றுவிடுகின்றன. மெதுவாகப் போனால் நேரம் அதிகம், நேரம் அதிகமானால் இழப்பு அதிகம் என்று முடித்துவிடுகிறார்கள். இது பாதி உண்மை. மீதிப் பாதியைத் தவறாகப் புரிந்துகொள்ளவும் இது வழிசெய்கிறது. இந்த வாதத்தை இறுதிவரை கொண்டுபோனால் வேகம் சுழியை நெருங்கும்போது இழப்பு எல்லையின்றி உயர வேண்டும். அப்படி எதுவும் நடப்பதில்லை. எனவே வாதம் எங்கோ உடைகிறது. எங்கே உடைகிறது என்பதில்தான் இந்த இயற்பியலின் சாரம் இருக்கிறது. துகள் எவ்வளவு ஆற்றலோடு வருகிறது என்பதோ எவ்வளவு வேகமாக வருகிறது என்பதோ தனியாக எதையும் தீர்மானிப்பதில்லை. அணுவுக்குள் எலக்ட்ரான்கள் என்ன வேகத்தில் இயங்குகின்றன, அதோடு ஒப்பிட்டால் வரும் துகள் வேகமானதா மெதுவானதா என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

இந்த ஒப்பீட்டை முதலில் உணர்ந்தவர் நீல்ஸ் போர். 1912-இல் மான்செஸ்டரில் ரதர்ஃபோர்டின் ஆய்வகத்தில் இருந்தபோது, சார்லஸ் கால்டன் டார்வின் செய்திருந்த ஒரு கணக்கு அவர் கைக்கு வந்தது. அணுவிலுள்ள எலக்ட்ரான்கள் கட்டற்றவை, துகள் அவற்றைத் தள்ளிவிட்டுப் போகிறது என்று அந்தக் கணக்கு எடுத்துக்கொண்டது. கட்டற்ற எலக்ட்ரான் என்றால் எவ்வளவு தொலைவிலிருந்தும் ஒரு சிறு தள்ளலைப் பெற்றுக்கொள்ளும். எல்லாத் தொலைவுகளையும் கூட்டினால் இழப்பு முடிவிலியாகிவிடும். டார்வின் அதைத் தவிர்க்க அணுவின் எல்லையோடு கூட்டலை நிறுத்திக்கொண்டார். போருக்கு அந்த வெட்டு பொருத்தமாகப் படவில்லை. எலக்ட்ரான் கட்டற்றதல்ல, அணுவோடு பிணைந்து தனக்கென்று ஓர் அதிர்வு நேரத்தோடு இருக்கிறது. கூட்டலை எங்கே நிறுத்துவது என்பதை அந்த அதிர்வு நேரமே சொல்லும் என்றார்.

ஊஞ்சலை வைத்து இதைப் புரிந்துகொள்ளலாம். தொங்கிக்கொண்டிருக்கும் ஊஞ்சலைச் சட்டென்று ஒரு தள்ளு தள்ளிவிட்டு நகர்ந்தால் அது ஆடத் தொடங்கும். தள்ளியவரின் ஆற்றலில் ஒரு பங்கு ஊஞ்சலில் தங்கிவிட்டது. அதே ஊஞ்சலைக் கையால் பிடித்து, மிக மெதுவாக முன்னே கொண்டுபோய், அதே மெதுவோடு திரும்பக் கொண்டுவந்து விட்டால் அது ஆடாமல் தொங்கும். முன்னே கொண்டுபோகக் கொடுத்த ஆற்றல் முழுவதையும் திரும்பி வரும்போது ஊஞ்சல் கைக்கே கொடுத்துவிடுகிறது. அணுவில் பிணைந்த எலக்ட்ரானும் அப்படித்தான். துகள் கடந்துபோகும் நேரம் எலக்ட்ரானின் அதிர்வு நேரத்தைவிடக் குறைவாக இருந்தால் அது ஒரு தள்ளல். ஆற்றல் எலக்ட்ரானிடம் தங்கும். கடக்கும் நேரம் அதிர்வு நேரத்தைவிட மிக நீண்டதாக இருந்தால், எலக்ட்ரான் துகளை நோக்கிச் சற்றுச் சாய்ந்து, துகள் போனதும் பழைய நிலைக்கு வந்துவிடும்; செலவு ஏதுமில்லை. எனவே, முன்பு இழப்பைக் கூட்டிய அதே நீண்ட நேரம், ஓர் அளவைத் தாண்டியதும் இழப்பைக் குறைக்கத் தொடங்குகிறது. நேரம் நண்பனாக இருந்து பகைவனாக மாறும் அந்தத் திருப்பத்தில் முகடு நிற்கிறது. இந்தக் கணக்கைப் போர் 1913 ஜனவரியில் வெளியிட்டார். ஹைட்ரஜன், ஹீலியம் ஆகியவற்றில் அளந்த இழப்போடு ஒப்பிட்டு, ஹைட்ரஜன் அணுவில் ஓர் எலக்ட்ரானும் ஹீலியத்தில் இரண்டும் உள்ளன என்று முடிவுகட்டினார். அதே ஆண்டில் அவர் வெளியிட்ட புகழ்பெற்ற அணு மாதிரிக்கு அவரை இட்டுச்சென்றது இந்தத் துகள் நிறுத்தக் கணக்குதான் என்பது பலருக்குத் தெரியாது. குவாண்டம் விதிகளின்படி வேகமான துகளுக்கான கணக்கை 1930-இல் ஹான்ஸ் பெத்தே முடித்துக்கொடுத்தார். 1933-இல் ஃபெலிக்ஸ் பிளாக் அதைச் செம்மைப்படுத்தினார். இருவரின் பெயராலும் வழங்கும் அந்த வாய்பாடு வேகமான துகள்களுக்கு மிக நன்றாகப் பொருந்துகிறது. மெதுவான துகள்களிடம் அது தோற்றுவிடுகிறது.

மெது என்றால் எவ்வளவு மெது? ஹைட்ரஜன் அணுவின் எலக்ட்ரான் நொடிக்குச் சுமார் 2,200 கிலோமீட்டர் வேகத்தில் இயங்குகிறது. ஒளியின் வேகத்தில் 137-இல் ஒரு பங்கு. இதுவே நமக்கு அளவுகோல். தண்ணீருக்குள் செல்லும் ஒரு புரோட்டானை எடுத்துக்கொள்வோம். 20 கோடி எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலில், ஒளியின் வேகத்தில் பாதிக்கு மேல் அது பாயும்போது, ஒரு மைக்ரான் தூரத்தில், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கில், 450 எலக்ட்ரான்வோல்ட்தான் இழக்கிறது. ஆற்றல் ஒரு கோடியாகக் குறைந்ததும் மைக்ரானுக்கு 4,600; பத்து லட்சமானதும் 26,000. எண்பதாயிரம் எலக்ட்ரான்வோல்ட்டை ஒட்டி, மைக்ரானுக்கு 82,000 என்று முகட்டைத் தொடுகிறது. அதாவது, கையில் மிச்சமிருப்பதை எல்லாம் ஒரே மைக்ரானில் தீர்த்துவிடும் வீதம். அப்போது அதன் வேகம் நொடிக்கு 3,900 கிலோமீட்டர். நம் அளவுகோலுக்கு இருமடங்குகூட இல்லை. முகடு எலக்ட்ரான்களின் வேகத்துக்கு இவ்வளவு அருகில் வந்து நிற்பது தற்செயல் அல்ல. அதற்குக் கீழே நிறுத்துதிறன் இறங்குகிறது. புரோட்டான் அங்கிருந்து நிற்கும்வரை கடக்கும் தூரம் ஒன்றரை மைக்ரானுக்கும் குறைவு.

ஆனால் இந்த இறக்கத்துக்கு இன்னொரு விளக்கமும் சொல்லலாம். அது ஊஞ்சல் வாதத்தைவிட எளியதும்கூட. நேர்மின் துகள் மெதுவானதும் வழியிலுள்ள எலக்ட்ரான் ஒன்றைப் பிடித்துத் தன்னோடு வைத்துக்கொள்கிறது. எலக்ட்ரானைப் பிடித்த புரோட்டான் மின்னூட்டமற்ற ஹைட்ரஜன் அணுவாகிவிடும். மின்னூட்டம் மறைந்தால் மின்விசையும் ஆற்றல் இழப்பும் குறையத்தானே வேண்டும்? இது வெறும் ஊகமல்ல. 1922-இல் ஜி. எச். ஹெண்டர்சன், ஆல்ஃபா துகள்களை மெல்லிய மைக்கா ஏட்டினூடே அனுப்பி, வெற்றிடத்தில் காந்தப்புலத்தால் வளைத்துப் பார்த்தார். கற்றை பிரிந்தது: சில துகள்கள் முழு மின்னூட்டத்தோடு நன்றாக வளைந்தன, சில பாதியே வளைந்தன. பாதி வளைந்தவை ஓர் எலக்ட்ரானைப் பிடித்தவை. துகள் தன் வழியில் எலக்ட்ரான்களை மீண்டும் மீண்டும் பிடிப்பதையும் இழப்பதையும் ரதர்ஃபோர்டு தொடர்ந்து ஆராய்ந்து காட்டினார். அப்படியென்றால், முகட்டுக்குப் பிந்தைய இறக்கம் வேக ஒப்பீட்டால் வருகிறதா, மின்னூட்டம் மறைவதால் வருகிறதா? புரோட்டானை வைத்துக்கொண்டு இதற்கு விடைசொல்ல முடியாது, ஏனெனில் அதில் இரண்டும் ஒன்றாகவே நடக்கின்றன.

பிரித்துப் பார்க்க எலக்ட்ரானைப் பிடிக்கவே முடியாத ஒரு புரோட்டான் வேண்டும். அப்படி ஒன்று இருக்கிறது: எதிர்ப்புரோட்டான். நிறை ஒன்றே, மின்னூட்டம் மட்டும் எதிர்மறை. எதிர்மின் கொண்ட அது எலக்ட்ரான்களை விலக்கித் தள்ளுமே தவிர ஒருபோதும் பிடித்துக்கொள்ளாது. மின்னூட்டம் கடைசிவரை மாறாது. ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தில், டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 1990-களில் தொடங்கி இந்தச் சோதனையைச் செய்தார்கள். மெதுவாக்கிய எதிர்ப்புரோட்டான்களை மிக மெல்லிய உலோக ஏடுகளினூடே அனுப்பி, நுழையும்போதும் வெளியேறும்போதும் ஆற்றலை அளந்தார்கள். 2002-இல் வெளிவந்த முடிவுகள் ஆயிரம் எலக்ட்ரான்வோல்ட்வரை கீழே போயின. மின்னூட்டம் மாறாத எதிர்ப்புரோட்டானுக்கும் முகடு இருந்தது, முகட்டுக்குக் கீழே இறக்கமும் இருந்தது. அந்த இறக்கத்தில் இழப்பு வேகத்துக்கு நேர்விகிதமாகக் குறைந்தது. எலக்ட்ரான் பிடிப்பு நடப்பது உண்மை. ஆனால் இறக்கத்துக்கு அது தேவையில்லை. வேக ஒப்பீடே போதும் என்பதற்கு இதைவிட நேரான சான்று கிடைப்பது கடினம்.

அதே சோதனை இன்னொன்றையும் வெளிப்படுத்தியது. வேகமான துகள்களுக்கு மின்னூட்டத்தின் அளவு மட்டுமே முக்கியம்; நேரா எதிரா என்பது கணக்கில் வராது. முகட்டை ஒட்டி நிலைமை வேறு: புரோட்டான் இழப்பதில் ஏறத்தாழ பாதியைத்தான் எதிர்ப்புரோட்டான் இழக்கிறது. துகள் மெதுவாகும்போது, அது வந்து சேருமுன்பே எலக்ட்ரான்களுக்கு இடம்பெயர நேரம் கிடைக்கிறது. நேர்மின் துகளை நோக்கி அவை நெருங்கி வந்து கூடுதலாக அடிவாங்குகின்றன. எதிர்மின் துகளைவிட்டு விலகிக் குறைவாக அடிவாங்குகின்றன. இதன் முதல் தடயத்தை 1950-களில் பெர்க்லியில் வால்டர் பார்கஸ் கண்டார். ஒளிப்படக் குழம்பில், பையான் என்ற துகள்களில் எதிர்மின் கொண்டவை நேர்மின் கொண்டவற்றைவிட மிகச் சிறிதளவு தொலைவு கூடுதலாகப் போயின. அந்தச் சிறு வேறுபாடு எதிர்ப்புரோட்டானிடம் பாதிக்குப் பாதியாகப் பெருகி நின்றது.

ஊஞ்சல் உவமைக்கு ஓர் எல்லை உண்டு. அது முழுவதும் சரியென்றால் மிக மெதுவான துகள் எதையும் இழக்கவே கூடாது. எதிர்ப்புரோட்டானோ வேகத்துக்கு நேர்விகிதமாக இழந்துகொண்டே இருந்தது. காரணம், அந்த ஏடுகள் உலோகம். உலோகத்தில் எலக்ட்ரான்கள் தனித்தனி அணுக்களோடு பிணையாமல் பொதுவாகத் திரிகின்றன. அவற்றுக்குக் குறிப்பிட்ட அதிர்வு நேரம் கிடையாது, எவ்வளவு சிறிய ஆற்றலையும் வாங்கிக்கொள்ளும். ஆனால் எல்லா எலக்ட்ரான்களாலும் முடியாது. ஒரே நிலையில் இரண்டு எலக்ட்ரான்கள் இருக்கக்கூடாது என்பது பவுலியின் விலக்கு விதி. அடியிலுள்ள எலக்ட்ரானுக்குச் சற்று மேலேயுள்ள நிலைகள் எல்லாம் நிரம்பியிருப்பதால், சிறு ஆற்றலை வாங்கி ஏறிக்கொள்ள அதற்கு இடமில்லை. ஆற்றலில் மேல்மட்டத்தில் இருப்பவற்றுக்கு மட்டுமே இடமுண்டு. துகள் மெதுவாக ஆகஆக, பங்கெடுக்கக்கூடிய எலக்ட்ரான்கள் குறைகின்றன. ஒவ்வொன்றும் வாங்கும் ஆற்றலும் குறைகிறது. இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் இழப்பு வேகத்துக்கு நேர்விகிதமாக வருகிறது. 1947-இல் என்ரிக்கோ ஃபெர்மியும் எட்வர்டு டெல்லரும் இந்த முடிவுக்கு வந்தார்கள்; 1950-களில் டென்மார்க்கின் யென்ஸ் லிண்ட்ஹார்டு அதைப் பொதுமைப்படுத்தினார்.

ஃபெர்மி ஏன் இந்தக் கணக்கில் இறங்கினார் என்பது சொல்லத் தக்கது. ரோமில் கான்வெர்சி, பன்சினி, பிச்சியோனி என்ற மூவர், விண்கதிரில் வரும் மீசோட்ரான் எனப்பட்ட துகள்களைக் கார்பனில் நிறுத்திப் பார்த்தார்கள். அணுக்கருவைக் கட்டிவைக்கும் விசைக்கு யுக்காவா முன்மொழிந்த துகள் இதுதான் என்று பலரும் நம்பிய காலம். அப்படியென்றால் எதிர்மின் மீசோட்ரானைக் கார்பன் அணுக்கரு கணத்தில் விழுங்கிவிட வேண்டும். பெரும்பாலானவை விழுங்கப்படாமல் தாமாகவே சிதைந்தன. ஆனால் ஒரு தப்பிக்கும் வழி இருந்தது: மெதுவான மீசோட்ரான் மிச்ச ஆற்றலை இழந்து அணுக்கருவை நெருங்கவே அதன் ஆயுளான மைக்ரோநொடிக்கு மேல் ஆகிறது என்றால், விழுங்கப்படாததில் வியப்பில்லை. எனவே மெதுவான துகள் எவ்வளவு விரைவாக ஆற்றலை இழக்கிறது என்று கணக்கிட வேண்டியிருந்தது. விடை: திடப்பொருளில் நொடியை ஒன்றுக்குப் பின் பதின்மூன்று சுழியங்களால் வகுத்தால் வரும் அளவு நேரம். நெருங்கத் தாராளமாக நேரம் இருந்தும் அணுக்கரு அதை விழுங்கவில்லை; ஆகவே அது யுக்காவாவின் துகள் அல்ல. இன்று அதை மியூவான் என்கிறோம். உண்மையான யுக்காவாத் துகளான பையானைச் செசில் பவல் குழுவினர் பிரிஸ்டலில் அதே 1947-இல் ஒளிப்படக் குழம்பில் கண்டார்கள். தடம் முடியும் பக்கத்தில் அடர்த்தி கூடும் என்ற அதே பிராக் விதியை வைத்துத்தான், பையான் வந்து நின்றது, அங்கிருந்து மியூவான் புறப்பட்டது என்று திசையைப் படித்தார்கள்.

உலோகமல்லாத பொருள்களில் ஊஞ்சல் வாதம் மீண்டும் உயிர்பெற வேண்டும். ஹீலியம் அணுவின் எலக்ட்ரானை எழுப்பக் குறைந்தது 20 எலக்ட்ரான்வோல்ட் அளவு தேவை. அதற்குக் குறைந்த எதையும் அது ஏற்காது. 1991-இல் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் கோல்சரும் செம்ராடும் மெதுவான புரோட்டான்களை ஹீலியம் வாயுவினூடே அனுப்பினார்கள். நேர்விகிதக் கோட்டைவிட்டு இழப்பு மிக வேகமாகக் கீழே சரிந்தது. கொள்கை எதிர்பார்த்தது கண்முன் நடந்தது. ஆனால் லித்தியம் ஃபுளோரைடு படிகம் அவ்வளவு எளிதாக வழிக்கு வரவில்லை. மின்கடத்தாப் பொருளான அதிலும் எலக்ட்ரானை எழுப்பப் பதினான்கு எலக்ட்ரான்வோல்ட் வேண்டும். இருந்தும் எதிர்ப்புரோட்டானின் இழப்பு சில ஆயிரம் எலக்ட்ரான்வோல்ட்வரை நேர்விகிதமாகவே இருந்தது. துகள் அருகில் வந்ததாலேயே அந்த இடத்தில் எலக்ட்ரான் நிலைகள் இடம்மாறி, தாண்ட வேண்டிய இடைவெளி சுருங்கிவிடுகிறது என்பது இதற்குத் தரப்படும் விளக்கம். மெதுவான துகளை, மாறாமல் நிற்கும் அணுவைக் கடந்துபோகும் ஒன்றாக எண்ண முடியாது. அருகில் இருக்கும் நேரம் நீளும்போது துகளும் அணுவும் சேர்ந்து தற்காலிகமாக ஒரு புதிய அமைப்பாகிவிடுகின்றன.

இன்னும் கீழே போனால் எலக்ட்ரான்கள் பின்னணிக்குப் போய், அணுவோடு அணு மோதுவது முன்னால் வருகிறது. முகிலறைத் தடத்தின் நுனி முறிவது அதனால்தான். கனமான அயனிகளுக்கு இந்தக் கட்டம் முன்னதாகவே வந்துவிடுகிறது. கணினிச் சில்லு செய்யும்போது சிலிக்கானுக்குள் போரான், பாஸ்பரஸ், ஆர்சனிக் அயனிகளைக் குறித்த ஆழத்தில் பதிக்கிறார்கள். அந்த ஆழத்தைக் கணக்கிட 1963-இல் லிண்ட்ஹார்டும் ஷார்ஃபும் ஷியோட்டும் உருவாக்கிய கொள்கையே அடிப்படை. அதே காலத்தில் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் ராபின்சனும் ஓயெனும் கணினியில் அயனிகளைப் படிகத்தினூடே ஓடவிட்டபோது, சில அயனிகள் நம்பமுடியாத தூரம் போயின. அணு வரிசைகளுக்கு இடையிலுள்ள திறந்த தடங்களில் அவை மாட்டிக்கொண்டிருந்தன. இதைத் தவிர்க்கச் சிலிக்கான் தட்டை ஏழு பாகை சாய்த்துவைப்பது தொழிற்சாலைகளில் வழக்கமாயிற்று.

ஒன்றரை மைக்ரானுக்குள் நடப்பதற்கு இவ்வளவு அக்கறை தேவையா என்று கேட்கலாம். மனித உயிரணு ஒன்றே பத்து மைக்ரான் அளவு இருக்கும். 1946-இல் ராபர்ட் வில்சன், பிராக் முகட்டைப் புற்றுக்கட்டியின் ஆழத்தில் விழவைக்கலாம், அதற்கு அப்பால் உள்ள உறுப்புகள் தப்பும் என்று எழுதினார். 1954-இல் பெர்க்லியில் முதல் நோயாளிக்குப் புரோட்டான் சிகிச்சை நடந்தது. 2019-இல் சென்னை தரமணியில் இந்தியாவின் முதல் புரோட்டான் சிகிச்சை மையம் திறந்தது. ஒரு புரோட்டானின் இழப்பு தொடக்கத்தைவிட முடிவில் நூறு மடங்குக்கு மேல் உயர்ந்தாலும், கற்றையில் அளக்கும் முகடு நுழைவிடத்தைப்போல் மூன்று நான்கு மடங்குதான் இருக்கிறது. கோடிக்கணக்கான புரோட்டான்கள் எல்லாம் ஒரே புள்ளியில் நிற்காமல், தற்செயல் வேறுபாடுகளால், வீச்சில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு அளவுக்கு முன்பின்னாக நிற்பதே காரணம். பதினைந்து சென்டிமீட்டர் ஆழத்தில் அது ஒன்றிரண்டு மில்லிமீட்டர். அந்தச் சில மில்லிமீட்டருக்குள் ஒவ்வொரு புரோட்டானும் தன் கடைசி மைக்ரானை ஏதோ ஓர் உயிரணுவுக்குள் முடிக்கிறது.

ஆகவே அந்தக் கடைசி மைக்ரானைச் சராசரியில் கரைத்துவிடக்கூடாது என்பதே என் முடிவு. குறுகிய தூரத்தில் நெருக்கமாக உண்டாகும் அயனிகள் டி.என்.ஏ.வின் இரு இழைகளையும் அருகருகே அறுக்கின்றன. அப்படிப்பட்ட முறிவைச் சரிசெய்வது உயிரணுவுக்குக் கடினம். இருந்தும் உலகெங்கும் மருத்துவமனைகளில், புரோட்டானின் உயிரியல் விளைவு எக்ஸ் கதிரைப்போல் 1.1 மடங்கு என்று பாதை முழுவதற்கும் ஒரே எண்ணைத்தான் வைத்துக் கணக்கிடுகிறார்கள். ஆய்வகத்தில் வளர்த்த உயிரணுக்களில் வீச்சின் முடிவை ஒட்டி இந்த எண் கூடுவது பலமுறை அளக்கப்பட்டிருக்கிறது. எண்ணை மாற்றப் போதுமான நோயாளிச் சான்று சேரும்வரை, சிகிச்சையைத் திட்டமிடுபவர்கள் வேறு வழியில் எச்சரிக்கையாக இருக்கிறார்கள்: மூளைத்தண்டு, தண்டுவடம் போன்ற உறுப்புகளுக்கு நேராகக் கற்றை முடியும் கோணங்களைக் கூடுமானவரை தவிர்க்கிறார்கள்.